ஈரத்தில் நின்றபடி வாடும் பயிர்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வடிகால் பற்றிய ஒரு பதிலின் நடுவில், "உப்பு நிலம் தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். வடிகாலுக்கு வந்த கடிதங்களைவிட அந்த ஒரு வரிக்கு வந்தவை அதிகம். சரி, அந்த இன்னொரு நாள் இன்றே ஆகட்டும். இந்த மாதம் முழுக்க உப்புதான். ஒரே விஷயத்தை நான்கைந்து பேர் கேட்டிருந்தால் ஒருவருடைய கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன், மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"கடல் பொங்கி உள்ளே வந்ததில் எங்கள் வயலிலும் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. அப்புறம் மழை பெய்தது, சரியாகிவிட்டது என்று நினைத்து நட்டோம். நட்டு 20 நாள் ஆகிறது. காலடியில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் மதியத்தில் இலை சுருண்டு, நுனி வெளுத்து நிற்கிறது. தண்ணீரில் நிற்கும் பயிர் எப்படி ஐயா வாடும்?"
வாசகர், வேதாரண்யம் அருகே

நார்த்தங்காயைச் சுருளாக நறுக்கி உப்பை அடைத்து ஜாடியில் வைத்தால் மறுநாள் அடியில் தண்ணீர் நிற்கும். யாரும் ஊற்றியதல்ல, காய்க்குள் இருந்ததை உப்பு வெளியே இழுத்தது. உங்கள் வயலில் அந்த அளவுக்கு உப்பு இல்லை, அதனால் வேரிலிருந்து தண்ணீர் வெளியே வந்துவிடவில்லை. ஆனால் வேர் இழுக்க வேண்டிய தண்ணீரை உப்பு தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தண்ணீர் தெரிகிறது, பயிருக்கு அது எட்டாத தண்ணீர். ஆகவே உப்பு நிலத்தில் பயிருக்கு முதலில் வருவது விஷமல்ல, தாகம். அது சில மணி நேரத்திலேயே ஆரம்பித்துவிடும். பயிர் வறட்சி வந்துவிட்டதென்று எண்ணி இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது, புது இலை விடுவதைக் குறைக்கிறது, தூர் கட்டுவதைத் தள்ளிப்போடுகிறது. துளை மூடினால் காற்றும் உள்ளே போகாது. காற்று போகாவிட்டால் உணவும் தயாராகாது.

விஷம் இரண்டாவதாக வருகிறது, மெதுவாக, வாரக்கணக்கில். உப்பில் இருக்கும் சோடியம் தண்ணீரோடு சேர்ந்து தண்டில் ஏறி, தண்ணீர் ஆவியாகிப் போனபின் இலையிலேயே தங்கிவிடும். முதலில் வந்த இலையில் அதிக நாள் சேர்ந்திருக்கும் என்பதால் அடி இலைகள்தான் முதலில் நுனியிலிருந்து கருகும். நீங்கள் சொல்லும் வெளுத்த நுனி இதன் ஆரம்பம். சோடியம் ஏன் கெடுதல் என்றால், அது பொட்டாசியத்தின் பங்காளி மாதிரி. உருவத்தில் நெருக்கம், குணத்தில் வேறு. இலைக்குள் பல வேலைகள் பொட்டாசியத்தை வைத்துத்தான் நடக்கின்றன. அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்துகொண்டால் வேலை நின்றுவிடும்.

பயிர் சும்மா இருப்பதில்லை. வேரிலேயே முடிந்தவரை சோடியத்தைத் தடுக்கிறது. உள்ளே நுழைந்ததைத் திரும்ப வெளியே தள்ள ஒரு வகைப் புரதத்தைப் பம்பு மாதிரி வைத்திருக்கிறது. அதற்கும் தப்பி மேலே வருவதை, செல்லுக்கு நடுவில் இருக்கும் நுண்குமிழ் என்ற பைக்குள் போட்டுப் பூட்டுகிறது. பைக்குள் உப்பு ஏறினால் பைக்கு வெளியே உள்ள சாறும் அதற்குச் சமமாக அடர்த்தியாக வேண்டும். அதற்குப் புரோலின் மாதிரி கெடுதல் செய்யாத பொருள்களைத் தயாரித்து நிரப்புகிறது. கடைசி வழி, பழைய இலைகளில் உப்பைக் கொட்டி அவற்றைக் காவு கொடுத்துவிட்டு இளம் இலையைக் காப்பாற்றுவது. இதில் ஒவ்வொன்றுக்கும் சத்து செலவாகிறது. "பயிர் சாகவில்லை ஐயா, ஆனால் நெல் வரவில்லை" என்று உப்பு நிலத்துக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான். சம்பாதித்ததையெல்லாம் உப்பை விரட்டவே செலவழித்த பயிர் கதிருக்கு என்ன கொடுக்கும்?

இப்போது உங்கள் வயல். நிற்கும் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள். நல்ல தண்ணீரைக் கட்டி, இரண்டு நாள் நிறுத்தி, மறுபடி வடியுங்கள். இப்படி விட்டு விட்டு வடிப்பது, ஒரேயடியாகத் தண்ணீரை நிறுத்தி வைப்பதைவிட உப்பை நன்றாகக் கரைத்துக் கொண்டுபோகும். ஆனால் வயலைக் காயவிடாதீர்கள், காய்ந்தால் அடியில் போன உப்பு ஈரத்தோடு மேலே ஏறிவரும். ஒரு நல்ல செய்தி: நெல்லுக்கு முளைக்கும்போது உப்பு பெரிய தொந்தரவில்லை, இரண்டு மூன்று இலைப் பருவத்தில்தான் மிகப் பலவீனம், தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், பூக்கும்போது மறுபடி பலவீனம். நீங்கள் முதல் கண்டத்தைத் தாண்டிக்கொண்டிருக்கிறீர்கள். பூக்கும் நேரத்துக்கு நல்ல தண்ணீர் கையில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள். அடுத்த முறை 30 நாளுக்கு மேல் வளர்ந்த நாற்றாக நடுங்கள், குத்துக்கு இரண்டு நாற்று கூடவே வையுங்கள்.

மனம் தளர வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது நாகை மாவட்டத்து வயல்களில் கடலே நின்றது. இனிமேல் இங்கே நெல்லா என்று கேட்டவர்கள் நிறையப் பேர். வரப்பு கட்டி, ஜிப்சம் போட்டு, தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச்செடியை மடக்கி உழுது, 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்ததில் பல வயல்கள் மறு சம்பாவுக்கே திரும்பிவிட்டன. மேலே வந்த உப்பு மேலேயே கரைந்து போகும். கீழேயிருந்து ஏறும் உப்புதான் பொல்லாதது.

"என் மச்சானுக்கு ஜிப்சம் கேட்டது, எனக்குக் கேட்கவில்லை. ஒரே லாரியில் இறக்கிய சரக்கு. இருவருக்கும் உப்பு நிலம்தான். கம்பெனிக்காரன் ஏமாற்றினானா?"
வாசகர், திருச்சி மாவட்டம்

சரக்கு நல்லதுதான். நிலம்தான் வேறு. நீங்கள் அனுப்பியிருக்கும் மண் அட்டையில் உங்களுக்குக் கார அமில நிலை 7.9, மச்சானுக்கு 9.2. உங்களுடையது உவர், அவருடையது களர். பேச்சில் இரண்டையும் உப்பு நிலம் என்றே சொல்லிவிடுகிறோம், அங்கேதான் பணம் வீணாகிறது.

உவர் நிலத்தில் கரையும் உப்புகள் அதிகம். காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும், காலை வைத்தால் மாவு மாதிரி பொதபொதக்கும், தண்ணீர் கீழே இறங்கும். களர் நிலத்தில் மண்ணின் துகளோடு சோடியம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சோடியம் ஒட்டிய களிமண் நனைந்தால் கூழாகக் கலங்கி, துளைகளையெல்லாம் அடைத்துவிடும். மழை பெய்தால் நாள்கணக்கில் கலங்கல் தண்ணீராக நிற்கும், காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகும். ஜிப்சத்தில் உள்ள கால்சியம் அந்தச் சோடியத்தைத் தள்ளிவிட்டுத் தான் அங்கே உட்காரும், தள்ளப்பட்ட சோடியம் தண்ணீரில் கரைந்து வடிகாலில் போகும். மச்சானுக்குக் கேட்டது அதனால். உங்கள் மண்ணில் தள்ளிவிடுவதற்கு ஒட்டிய சோடியம் அதிகமில்லை. இருக்கும் உப்பைக் கழுவித்தான் விரட்ட வேண்டும், அதற்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் போதும். ஜிப்சமும் ஒரு உப்புதான் என்பதை மறந்துவிடாதீர்கள். மச்சானிடமும் சொல்லுங்கள், வடிகால் வெட்டாமல் ஜிப்சம் போட்டால் விரட்டிய சோடியம் போக வழியில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டில் உப்பால் கெட்ட நிலம் சுமார் 3.68 லட்சம் ஹெக்டேர் என்று கணக்கு. அதில் மிகப் பெரும்பகுதி கடற்கரை உவர் அல்ல, உள்நாட்டுக் களர். களரில் பயிருக்கு வரும் துன்பமும் வேறு மாதிரி. தாகத்தைவிட, வேருக்குக் காற்றில்லை, துத்தநாகமும் இரும்பும் மண்ணிலேயே பூட்டிக்கொள்கின்றன. அதனால்தான் களரைத் திருத்தும் முதல் பயிராக நெல்லை வைக்கிறார்கள். தண்ணீரில் நின்று பழகிய வேருக்கு மூச்சுமுட்டல் புதிதல்ல. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, திருச்சி வேளாண் கல்லூரியில் களருக்கென்றே டிஆர்ஒய் வரிசை நெல் ரகங்கள் வந்திருக்கின்றன. மச்சான் அதைப் பார்க்கட்டும்.

"மிளகாய்க்குப் போர் தண்ணீர். பரிசோதனையில் உப்பு 2 என்று வந்தது. வாயில் வைத்தால் லேசாகத்தான் கரிக்கிறது. பாய்ச்சலாமா?"
வாசகர், இராமநாதபுரம்

2 என்பது தண்ணீரின் மின்கடத்தும் திறன், டெசிசைமன் என்ற அளவில். உப்பு கூடினால் அந்த எண்ணும் கூடும். கேட்கச் சின்ன எண். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமா? அந்தத் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் உப்பு இருக்கும். ஒரு ஏக்கரில் 5 செ.மீ. உயரத்துக்கு ஒருமுறை பாய்ச்சினால் இரண்டு லட்சம் லிட்டர் போகிறது. அதாவது ஒரு பாய்ச்சலில் 260 கிலோ உப்பை வயலில் இறக்குகிறீர்கள். ஐந்து மூட்டை. பத்துத் தண்ணீர் கட்டினால் ஐம்பது மூட்டைக்கு மேல். பயிர் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மண்ணிலேயே விட்டுவிடும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவிடும். போக வழியில்லாவிட்டால் அது எங்கே போகும்?

மிளகாய் இந்த விஷயத்தில் கொஞ்சம் நோஞ்சான் உடம்பு. ஒவ்வொரு பயிருக்கும் வேர்ப்பகுதி மண்ணில் உப்பு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டினால் கூடும் ஒவ்வொரு எண்ணுக்கும் இவ்வளவு சதவீதம் விளைச்சல் குறையும். மிளகாய்க்கு எல்லை 1.5, தாண்டினால் எண்ணுக்கு 14 சதவீத இழப்பு. பருத்திக்கு 7.7, தாண்டினாலும் 5 சதவீதம்தான். நெல்லுக்கு 3, இழப்பு 12. பீன்ஸ் ரொம்ப மோசம், 1ஐத் தாண்டினாலே 19 சதவீதம் போகும். வாற்கோதுமைக்கு 8. உங்கள் தண்ணீர் 2 என்றால், வடிகால் சுமாராக இருக்கிற நிலத்தில் மண்ணில் உப்பு 3 அளவில் போய் நிற்கும். அப்போது ஐந்தில் ஒரு பங்கு மிளகாயை மறந்துவிட வேண்டியதுதான். வடிகால் இல்லையென்றால் கணக்கு இன்னும் மோசம்.

பாய்ச்சவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன், இராமநாதபுரத்தில் அப்படிச் சொன்னால் எந்தத் தண்ணீரில் விவசாயம் செய்வது என்று திருப்பிக் கேட்பீர்கள். கண்மாய்த் தண்ணீர் இருக்கும்வரை நாற்றுக்கும் இளம் செடிக்கும் அதைக் கொடுங்கள், போர் தண்ணீரைச் செடி வேரூன்றியபின் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணை மேடாக அணைத்துப் பார் பிடித்தால் பாரின் உச்சியில் நடாதீர்கள், வாய்க்காலில் இருந்து ஏறும் ஈரம் உப்பையெல்லாம் உச்சியில்தான் கொண்டுபோய்க் கொட்டும். சரிவில் நடுங்கள். சொட்டுநீர் போட்டால் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் சேரும், செடியின் காலடி சுத்தமாக இருக்கும். ஆனால் சின்னத் தூறல் வந்தால், மழைதானே என்று மோட்டாரை நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தூறல் விளிம்பில் உள்ள உப்பை வேருக்கே தள்ளிவிடும். மழை நேரத்தில் மோட்டார் ஓடுவதைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் சிரிப்பார், சிரிக்கட்டும். பெருமழை வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். சாம்பல் சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள்.

இன்னொன்று. மண் அட்டையில் உப்பு 1.8 என்று இருக்கிறது, 4க்குக் கீழே இருந்தால் நல்ல நிலம்தானே என்று இதே ஊரிலிருந்து இன்னொருவர் கேட்டிருக்கிறார். இல்லை. 4 என்ற எல்லையும் மேலே சொன்ன பயிர் எல்லைகளும், மண்ணைக் குழைத்து அதிலிருந்து பிழிந்த சாற்றுக்கு உரியவை. நம் மண் பரிசோதனை நிலையங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி அளக்கிறார்கள். அதில் எண் குறைவாகத்தான் வரும். அட்டையில் 1க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 1.8 என்பது யோசிக்க வேண்டிய இடம், 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து. இந்த வித்தியாசத்தை அட்டையிலேயே ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

"பொக்காளி நெல் கடல் தண்ணீரிலேயே விளையும் என்கிறார்களே, அதை ஏன் நம் கடலோரத்தில் எல்லோரும் போடக்கூடாது? அதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?"
வாசகி, மயிலாடுதுறை

எனக்குப் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகப் பேசிக்கொள்கிறேன்.

பொக்காளி கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டக் கழிமுகங்களில் விளையும் நெல். அது கடல் தண்ணீரில் விளைவதில்லை. கடல் தண்ணீர் போனபின் விளைகிறது. கோடையில் அந்த வயல்களில் ஓதத்தோடு, அதாவது கடலின் ஏற்ற இறக்கத்தோடு, உப்புத் தண்ணீர் ஏறி இறங்கும், இறால் வளரும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் வயலில் மண்ணைக் கூம்பு கூம்பாகக் குவித்து வைப்பார்கள். ஜூனில் மழை கொட்டும்போது அந்தக் குவியலில் உள்ள உப்பு கழுவி இறங்கிவிடும். உச்சியில் முளைகட்டிய விதையைப் போட்டு, நாற்று ஒரு சாண் வளர்ந்தபின் குவியலை வெட்டிச் சுற்றிலும் பரப்பிவிடுவார்கள். உரம் கிடையாது, மருந்து கிடையாது, இறால் விட்டுப்போன கழிவே எரு. ஆளுயரத்துக்கு வளரும், கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள், அது மக்கி அடுத்த இறாலுக்குத் தீனியாகும். நெல்லின் பலவீனமான பருவம் எது என்று மேலே பார்த்தோமே, அந்த இளம் நாற்றுப் பருவத்தை மழை கழுவிய குவியல் உச்சியில் கழித்துவிடுகிறார்கள். எந்த ஆய்வகமும் இல்லாத காலத்திலேயே அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

நெல்லுக்குள்ளும் விஷயம் இருக்கிறது. சோடியம் வேரைத் தாண்டி, தண்ணீர் ஏறும் குழாய்க்குள் வந்துவிட்டாலும், இலைக்குப் போகும் முன் அதைக் குழாயிலிருந்து திரும்ப எடுத்துவிடும் ஒரு புரதம் நெல்லில் உண்டு. பேருந்து புறப்பட்டபின் பரிசோதகர் ஏறி, சீட்டில்லாதவரை இறக்கிவிடுகிற மாதிரி. வங்காளத்து நோனா பொக்ரா என்ற பழைய நெல்லில் இதற்கான மரபணுவை 2005இல் அடையாளம் கண்டார்கள். பொக்காளியின் முதல் குரோமோசோமில் உப்பு தாங்கும் குணத்துக்குக் காரணமான சால்டால் என்ற பகுதி இருக்கிறது, அதே மரபணு அங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் பெயர்பெற்ற ரகங்களில் ஒட்டுச் சேர்க்கும் வேலை பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் அது நாற்றுப் பருவத்தைத்தான் பெரிதும் காக்கும். பூக்கும் பருவத்துக்கு அது போதாது. பொக்காளிக்கு இன்னொரு பலம் அதன் உயரம். வேகமாக, பெரிதாக வளர்வதால் உள்ளே வரும் உப்பு பெரிய உடம்பில் பரவி நீர்த்துவிடுகிறது. குள்ள ரகத்தில் சால்டாலை ஏற்றலாம், அந்த உடம்பை ஏற்ற முடியாது.

நம் கடலோரத்தில் ஏன் எல்லோரும் போடவில்லை? இங்கே அந்த ஜூன் மழை இல்லை, ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். அந்த ஓதச் சதுப்பும் இல்லை. விளைச்சலும் குறைவு, சாய்ந்த பயிரில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கதிர் அறுக்க ஆள் கிடைப்பது கேரளத்திலேயே கஷ்டமாகிவிட்டது. நம்மிடமே உவருக்கென்று கடலோர உழவர்கள் வைத்திருந்த குழியடிச்சான், களர்பாலை மாதிரி நெல்கள் இருந்தன. உங்கள் பக்கத்தில் பாரம்பரிய விதைத் திருவிழாக்களில் குழியடிச்சான் இன்றும் கிடைக்கிறது. பொக்காளிக்கு ஆசைப்படும் முன் அரைக் காணியில் அதைப் போட்டுப் பாருங்கள், முழு நிலத்திலும் போட்டுவிட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

"சீனாவில் கடல் நீரிலேயே நெல் விளைவித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?"
கல்லூரி மாணவர், கடலூர்

பாதி உண்மை. கலப்பின நெல்லின் தந்தை என்று சொல்லப்படும் யுவான் லாங்பிங்கின் குழு சிங்டாவ் நகரத்துக் கடலோரத்தில் 2017இல் செய்த சோதனைகள்தான் அந்தச் செய்திக்கு மூலம். பெயரும் 'கடல் நெல்' என்றே பரவிவிட்டது. ஆனால் அவர்கள் பாய்ச்சியது லிட்டருக்குச் சுமார் 6 கிராம் வரை உப்புள்ள கலவைத் தண்ணீர். கடல் நீரில் 35 கிராம் இருக்கும். ஆறில் ஒரு பங்கு கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவே நெல்லுக்குப் பெரிய விஷயம்தான், ஆனால் கடலில் நாற்று நடுகிற படம் போட்டு அனுப்புவது வேறு.

முழுக் கடல் நீரில் வாழும் செடியைப் பார்க்க நீங்கள் சீனா போக வேண்டாம், பிச்சாவரம் உங்களுக்குப் பக்கம்தானே. படகில் போகும்போது வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து நாக்கால் தொட்டுப் பாருங்கள், கரிக்கும். இலையில் இருக்கும் சுரப்பிகள் உப்பை வெளியே தள்ளி வைத்திருக்கும். பக்கத்திலேயே முட்டுக்கால் வேரோடு நிற்கும் சுரபுன்னை வேறு கட்சி, அது பெரும்பாலான உப்பை வேரிலேயே வடிகட்டிவிடும். சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டலிலிருந்து மரபணுக்களைப் பிரித்தெடுத்து நெல்லில் ஏற்றிப் பார்த்தது. ஆனால் உப்பு தாங்குவது ஒரு மரபணு வேலை அல்ல. தடுக்க ஒன்று, தள்ள ஒன்று, பூட்ட ஒன்று, எப்போது எதைச் செய்வது என்று சொல்ல இன்னும் சில. ஒன்றை மட்டும் கூட்டினால் கண்ணாடி வீட்டுத் தொட்டியில் அழகாக நிற்கும், வயலுக்கு வந்தால் தடுமாறும். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களில் ஒன்றான பூசா டிஎஸ்டி ரைஸ் 1, வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்கிறார்கள். வேறு செடியின் மரபணு எதையும் ஏற்றாமல், நெல்லிலேயே இருந்த ஒரு மரபணுவை முடக்கிச் செய்தது. உழவர் வயலில் நான்கு பருவம் நிற்கட்டும், அப்புறம் பேசுகிறேன்.

"தென்னங்கன்று நடும்போது குழியில் உப்புப் போடும் பழக்கம் எங்கள் வீட்டில் உண்டு. இத்தனை நேரம் உப்பைத் திட்டினீர்களே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"
வாசகர், பட்டுக்கோட்டை

திட்டியதை இந்த ஒரு மரத்துக்காக வாபஸ் வாங்குகிறேன். தென்னைக்குக் குளோரைடு ஒரு முக்கியமான சத்து. இலைத்துளையைத் திறந்து மூட அதற்குக் குளோரைடு வேண்டும். பிலிப்பைன்ஸில் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் தோப்புகளுக்குச் சமையல் உப்பையே உரமாகச் சிபாரிசு செய்கிறார்கள். உங்கள் பாட்டன் செய்தது மூடநம்பிக்கை அல்ல. ஆனால் மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போடும் தோப்பில் அதிலேயே குளோரைடு வந்துவிடுகிறது, தனியாக உப்பு அவசியமில்லை. களிமண் நிலத்தில் வேண்டவே வேண்டாம், சோடியம் மண்ணைக் கெடுக்கும். ஊடுபயிர் இருந்தாலும் வேண்டாம்.

"மாடித் தோட்டம். தொட்டிகளின் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. தக்காளி சின்னதாகக் காய்க்கிறது, அடியில் கருப்பாக அழுகுகிறது, ஆனால் பழுத்தவை இதுவரை தின்றதிலேயே இனிப்பு! இது நல்லதா கெட்டதா?"
வாசகி, சென்னை

இரண்டும். உப்பில் வளரும் தக்காளி தண்ணீரைக் குறைவாக இழுப்பதால் பழம் சிறுத்து, சர்க்கரை அடர்ந்து இனிக்கும். வெளிநாடுகளில் இதற்காகவே வேண்டுமென்று கொஞ்சம் உப்பு கலந்து வளர்ப்பவர்கள் உண்டு. அடி கருப்பது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அதோடு வரும் கால்சியமும் குறையும். கடிதத்தின் கடைசியில், ஆர்ஓ எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுவதாகப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். குற்றவாளி அவர்தான். நல்ல தண்ணீரைப் பிரித்தபின் மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மழை வரும்போது தொட்டிகளை வெளியே நகர்த்தி, அடித்துளையில் தண்ணீர் நன்றாக ஓடும்வரை நனையவிடுங்கள்.

"பக்கத்தில் இறால் பண்ணை வந்ததிலிருந்து என் இரண்டு ஏக்கரும் போயிற்று. உப்பைத் தாங்கும் பயிர் ஏதாவது சொல்லுங்கள்."
வாசகர், ஊர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்

சொல்ல மாட்டேன். எல்லையில் உப்புத் தண்ணீர்க் குட்டை நிரந்தரமாக நின்று கசிந்துகொண்டிருக்கும்போது, எந்தப் பயிரைச் சொன்னாலும் அது உங்கள் இன்னொரு வருடத்தை வீணாக்குவதுதான். ரகத்தை மாற்றிச் சமாளிக்கிற விஷயமல்ல இது. உங்கள் எல்லையில் ஆழமான வடிகால் வாய்க்கால் வெட்டினால் கசிவின் ஒரு பகுதியைப் பிடிக்கலாம், அந்த வாய்க்காலுக்கும் ஒரு போக்கிடம் வேண்டும். சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, விளைநிலத்தையும் உப்பளத்தையும் இறால் குட்டையாக மாற்றக் கூடாது என்றது. அதன்பின் 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்புக்கென்று சட்டமும் ஆணையமும் வந்தன. பக்கத்துப் பண்ணைக்குப் பதிவு இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இப்போதே ஒரு மண் பரிசோதனையும், ஆறு மாதம் கழித்து இன்னொன்றும் எடுத்து, இரண்டு அட்டையையும் பத்திரமாக வையுங்கள். பயிர் பற்றி அப்புறம் எழுதுங்கள், அப்போது பக்கம் பக்கமாகப் பதில் சொல்கிறேன்.

"உப்பு நிலத்தில் எதுவும் முளைக்காது என்கிறீர்கள். எங்கள் ஊர் உப்பளக் கரையில் உமரி பச்சைப் பசேல் என்று முளைத்துக் கிடக்கிறது. அது பயிர் இல்லையா?"
வாசகி, தூத்துக்குடி

எதுவும் முளைக்காது என்று நான் எங்கே சொன்னேன்! ஆனாலும் நல்ல கேள்வி. உமரி உப்பைத் தாங்குகிற செடி என்று சொல்வதுகூடக் குறைவு, அது உப்பைப் பயன்படுத்திக்கொள்கிற செடி. சோடியத்தை இலையின் நுண்குமிழ்களில் சேர்த்துப் பூட்டி, அந்த உப்பின் பலத்திலேயே மண்ணிலிருந்து தண்ணீரை இழுக்கிறது. நெல்லுக்கு எமனாக இருப்பது இதற்கு இறைக்கிற கயிறு. இலை குண்டு குண்டாக இருப்பது உள்ளே சேர்த்து வைத்திருக்கும் அந்தத் தண்ணீரால். உப்பை உடம்பில் ஏற்றிக்கொள்வதால், வளர்த்து அறுத்து வெளியே கொண்டுபோனால் கொஞ்சம் உப்பும் நிலத்தைவிட்டுப் போகும். ஆனால் மழை ஒரு நாளில் கழுவுவதை உமரி கழுவப் பல பருவம் ஆகும், அதை மட்டும் நம்பி நிலத்தைத் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

கீரையாகத் தாராளமாகச் சாப்பிடலாம், உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளம் நுனியைக் கிள்ளி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைப்பது வழக்கம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தள்ளியே இருக்கலாம். கூட்டுக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். நான் முதல்முறை சமைத்தபோது கைப்பழக்கத்தில் ஒரு பிடி போட்டுவிட்டேன், அன்று வீட்டில் எல்லோரும் வெறும் தயிர்சாதம்.